மருமகளுக்காகப் பேசுகிறவள் யார்?

புளியங்குடிக்குப் போயிருக்கிறீர்களா? தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், மேற்கு மலைக்குக் கீழே இருக்கிறது அந்த ஊர். எலுமிச்சம்பழத்துக்குப் பேர் போனது. கோயில் மணியோசையும் பள்ளிவாசல் பாங்கொலியும் அங்கே ஒரே காற்றில் மிதந்து வரும். தேர்தல் நாளில் ஓட்டுச் சாவடி வரிசையும் அப்படித்தான். முக்காடிட்ட பெண்ணுக்குப் பின்னால் குங்குமப் பொட்டுக்காரி நிற்பாள்.

ஆனால் ஒரு விசேஷம். ஊர் அடங்கிய வாசுதேவநல்லூர் சட்டசபைத் தொகுதி, தென்காசி பாராளுமன்றத் தொகுதி இரண்டுமே தனித்தொகுதிகள். ஓட்டு எல்லோருக்கும் உண்டு. அபேட்சகராக நிற்கும் உரிமையோ தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே. "ஏன் இப்படி?" என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மருமகள்களின் குறைகளைச் சொல்ல ஒரு மருமகள் வேண்டும். அவளை யார் தேர்ந்தெடுப்பது? மருமகள்கள் மட்டுமா, மாமியார், நாத்தனார் எல்லோரும் சேர்ந்தா? மருமகள்களே பொறுக்கினால் வாய்த்துடுக்குக்காரி வருவாள். குடும்பம் இரண்டுபடும் என்று மாமனார் பயப்படுவார். எல்லோரும் பொறுக்கினால் மாமியாருக்குப் பிடித்த சாதுப் பெண்தான் வருவாள்!

இந்த வழக்குத்தான் நம் நாட்டையே ஒரு காலத்தில் ஆட்டிவைத்தது. 1909-ல் முஸ்லிம்களுக்கும், அதன் பிறகு 1919-ம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் கிறிஸ்தவர்களுக்கும், தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும், நம் தமிழ்நாட்டு இரட்டைமலை சீனிவாசனும் தாழ்த்தப்பட்டவர்களுக்காக வாதாடினார்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு அவர்களுக்கும் தனி வாக்குரிமை என்று தீர்ப்புச் சொன்னார்.

எரவாடா சிறையிலிருந்த காந்திஜி பதறிப் போனார். இந்து சமூகம் பிளந்துவிடும் என்று செப்டம்பர் 20-ந் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். அம்பேத்கரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் காந்திஜியின் உயிர். மறு பக்கம் தம் மக்களுக்குக் கிடைத்த உரிமை. 24-ந் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்குரிமை போயிற்று. அதற்குப் பதில் மாகாண சட்டசபைகளில் 148 ஸ்தானங்கள். அவற்றில் சென்னைக்கு 30. முதலில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மட்டும் கூடி நாலு பேரைப் பொறுக்குவார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். மருமகளுக்கும் கொஞ்சம், மாமியாருக்கும் கொஞ்சம்!

கையெழுத்திட்டவர்களில் இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் உண்டு. இந்த ராஜா, பொதுவாக ஓட்டுப் போடுவதே நல்லது என்று அந்த வருஷத் தொடக்கத்திலேயே சொன்னவர். 1938-ல் அவரே சென்னை சட்டசபையில் ஆலயப் பிரவேச மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் மலபாரில் தொடங்கலாம் என்று எண்ணிய ராஜாஜியின் மந்திரிசபை அதை ஏற்கவில்லை. மசோதா தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் காங்கிரஸ் கட்சியின் தாழ்த்தப்பட்ட வகுப்பு அங்கத்தினர்களும் இருந்தார்கள். மாமியார் சொல் தட்டாத மருமகள்! ராஜாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சுதந்திரத்துக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் மறுபடியும் இதே வழக்கு. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முகம்மது இஸ்மாயில் சாகிப், 'காயிதே மில்லத்', முஸ்லிம்களின் தனி வாக்குரிமைக்காக மன்றாடினார். எதிர்த்தவர் யார் தெரியுமா? அந்தச் சபையிலிருந்த ஒரே முஸ்லிம் பெண்மணி, பேகம் ஐஜாஸ் ரசூல்! சிறுபான்மையோரை அது பெரும்பான்மையோரிடமிருந்து என்றென்றைக்கும் ஒதுக்கி வைத்துவிடும் என்பது அவர் கட்சி. எனக்கு இருவர் மீதும் மதிப்புத்தான். 1949 மே மாதம் பேகத்தின் பக்கமே ஜெயித்தது. மதச் சிறுபான்மையோருக்கு ஒதுக்கீடும் இல்லை, தனி வாக்குரிமையும் இல்லை. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஸ்தானங்கள் உண்டு. ஆனால் பூனாவில் பேசிய அந்த 'நால்வர்' ஏற்பாடு மட்டும் கழன்றுவிட்டது. பத்து வருஷத்துக்கென்று வைத்த ஒதுக்கீடு நீண்டு நீண்டு 2030 வரை வந்திருக்கிறது.

ஆகவே புளியங்குடியில் ஒரு முஸ்லிம் நெசவாளி சட்டசபைக்கு நிற்க முடியாது. அவருக்கென்று வேறு எங்கும் ஒதுக்கிய இடமும் கிடையாது. நிற்கக்கூடிய ஆதிதிராவிட சகோதரரோ மற்றவர்களின் ஓட்டையும் கெஞ்சி வாங்கினால்தான் ஜெயிக்க முடியும். இரண்டு பேருக்கும் மனக்குறை உண்டு.

"நமக்கு என்ன?" என்று பத்திரிகையை மூடிவிடாதீர்கள், அம்மணி! பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் என்று 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்களே, அதிலும் நிற்கப் போகிறவள்தான் பெண். ஓட்டுப் போடப் போகிறவர்கள் உங்கள் மாமனார், கணவர், மைத்துனர் எல்லோரும்தான்.