வீட்டுக்குள் ஒரு சினிமாக் கொட்டகை!

என் பாட்டியை நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் கல்யாணம் முடிந்த மறு வருஷமே அவர் தவறிவிட்டார். வீட்டில் பாட்டியின் படம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் ஒரு குரூப் போட்டோ, அதில் மூன்றாவது வரிசையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம். அவ்வளவுதான்!

அதனால்தான் போன வருஷம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்து, சாயங்காலம் கூடத்துச் சுவரில் பெரிசாகக் காட்டினால் என்ன? என் தம்பி உடனே, "அக்கா, எங்க ஆபீஸ்ல பழைய ப்ரொஜெக்டர் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. கேட்டு வாங்கிட்டு வரேன்" என்றான். எங்கள் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்!

உறையூர் வீட்டில் காலையில் ஹோமம். கூடமெல்லாம் புகை. சாயங்காலம் நாற்காலி மேல் ஒரு தலையணை, தலையணை மேல் ப்ரொஜெக்டர். படத்தை மேலே தூக்கிக் காட்ட அதுதான் வசதியாக இருந்தது. போட்டதும் திரையில் ஏதோ எச்சரிக்கை எழுத்து வந்தது. தம்பி ஒரு பட்டனைத் தட்டி அதை விரட்டினான். என் ஒன்றரை வயசுப் பையனுக்கோ ஒரே கொண்டாட்டம். வெளிச்சம் வரும் துவாரத்துக்கு எதிரே போய் நின்று அதையே பார்த்துச் சிரித்தான். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஆமாம் சகோதரிகளே, சிரித்தோம்!

பாட்டி இருந்த அந்தக் குரூப் போட்டோ வரும் நேரம். பட்டென்று படம் அணைந்து, மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கியது. பெரியப்பா, "ஏதோ லூஸ் காண்டாக்ட்" என்று பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டோம். வெளிச்சம் வந்தது. அடுத்த நொடி 'டப்!' என்று ஒரு சத்தம். பட்டாசு வெடித்த மாதிரி! பக்கவாட்டு ஓட்டையிலிருந்து மெல்லிய புகை. தரையில் பொடிப் பொடியாகக் கண்ணாடி. அதற்கு இரண்டடி தள்ளி என் குழந்தை!

என் கணவர் பாய்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தெய்வாதீனமாக ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் கண் டாக்டரிடமும் காட்டினோம், பயமில்லை என்றார். ஆனால் அன்று ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் ஏது?

உள்ளே ஒரு அடுப்பு!

மெஷினை எடுத்துக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் போனோம். வயசானவர், பொறுமைசாலி. திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை எது மேல வச்சீங்க?" என்றார். "தலையணை மேல..." என்று இழுத்தேன். "இது டி.வி. மாதிரி இல்லேம்மா. உள்ளே ஒரு அடுப்பு எரியுதுன்னு நினைச்சுக்குங்க. அடுப்பை யாராவது மெத்தை மேல வைப்பாங்களா?" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டு அசந்து போனேன். பழைய மாடல் ப்ரொஜெக்டரில் இருப்பது பாதரச லாம்ப். எரியும்போது அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்குக்கு மேல் அழுத்தம்! கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய நூறு பங்கு. அதைக் குளிர வைப்பதற்குத்தான் உள்ளே ஃபேன் ஓடுகிறது. காற்று உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. தலையணை ஒரு வழியை அடைத்துவிட்டது. சூடு தாங்காமல் மெஷின் தானாக அணைந்தது. சிவப்பு விளக்கு 'என்னை விட்டுடு' என்று சொல்லியிருக்கிறது. நாங்களோ பிளக்கைப் பிடுங்கி, ஓடிக்கொண்டிருந்த ஃபேனையும் நிறுத்தி, ஆறும் முன்பே மறுபடி போட்டிருக்கிறோம்.

அதோடு அந்த எச்சரிக்கை எழுத்து! "லாம்ப் ஆயுசு முடிஞ்சுபோச்சு, மாத்துங்க" என்பதுதானாம் அது. 3,000 மணி நேரத்துக்கு உண்டான லாம்ப் 3,800 மணி ஓடியிருந்தது. ஆயுசு முடிந்த லாம்ப்தான் இப்படி வெடிக்க அதிகம் வாய்ப்பு.

"புது மாடல் எல்.ஈ.டி., லேசர் எல்லாம் இந்த லாம்ப் இல்லாம வருதும்மா. வெடிக்கிற பயமில்லே. ஆனா காத்து வழியும், கண்ணும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றார் பெரியவர்.

இன்னொரு அதிசயமும் சொன்னார். ஒருவகை ப்ரொஜெக்டருக்குள் தலைமுடியின் கனத்தைவிடச் சின்னதான குட்டிக் கண்ணாடிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து நிமிர்ந்து படத்தை உண்டாக்குகிறது! 1987-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் லாரி ஹார்ன்பெக் என்பவர் கண்டுபிடித்தது. இதற்காக 2015-ல் அவருக்கு ஆஸ்கார் பரிசே கொடுத்தார்கள். இவ்வளவு நுணுக்கமான சாமானைத்தான் நாங்கள் தலையணையில் படுக்க வைத்திருந்தோம்!

எங்கே வைப்பது?

இப்போது எங்கள் வீட்டுக்கு எல்.ஈ.டி. ப்ரொஜெக்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம். பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து நான் செய்யும் ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

முதலில் தூரம். மெஷினோடு வரும் புத்தகத்தில் 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் இருக்கும். படம் எத்தனை அடி அகலம் வேண்டுமோ அதை இந்த எண்ணால் பெருக்குங்கள். எண் 1.5, படம் 6 அடி அகலம் என்றால் சுவரிலிருந்து 9 அடி தள்ளி வைக்க வேண்டும். வாங்கும் முன்பே கூடத்தை அளந்துவிட்டுப் போனால் கடையில் விழிக்க வேண்டாம்.

அடியில் கெட்டியான பலகை அல்லது மேஜை. மெத்தை, சோபா, ஜமுக்காளம் கூடவே கூடாது. நாலு பக்கமும் குறைந்தது ஒரு அடியாவது இடம் விடுங்கள். புத்தகத்தில் அதிகம் கேட்டிருந்தால் அதன்படி. மூடிய அலமாரிக்குள் வைத்து ஓட்டாதீர்கள். சமையலறைப் பக்கமும் வேண்டாம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை உள்ளே போய்ப் பிசுபிசுவென்று படியும். சாம்பிராணி, கொசுவர்த்திப் புகையும் அப்படித்தான்.

படம் கோணலாக விழுந்தால் சரிசெய்ய 'கீஸ்டோன்' என்று ஒரு வசதி உண்டு. அவசரத்துக்குச் சரி. ஆனால் அது படத்தின் ஓரத்தைச் சுருக்கித் தெளிவையும் கொஞ்சம் குறைக்கும். மெஷினைச் சுவருக்கு நேராகத் திருப்பி வைப்பதுதான் உத்தமம். திரைக்குக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மினுமினுப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பர் அடித்த சுவரே போதும். மெல்லிய வேஷ்டி கட்டினால் வெளிச்சம் பாதி பின்னால் போய்விடும்.

மேலே கூரையில் மாட்டுவதானால் காங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு எலெக்ட்ரீஷியனே மாட்டட்டும். அலங்காரத்துக்குப் போட்ட ஃபால்ஸ் சீலிங் அந்தப் பாரத்தைத் தாங்காது. கூடவே ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டச் சொல்லுங்கள். கீழே உட்காருவது நம் குழந்தைகள் அல்லவா?

கரண்ட் விஷயம்

மூன்று கால் பிளக்கில் பெரிய காலை ஒடித்துவிட்டு இரண்டு கால் பாயிண்டில் சொருகுகிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதுதான் எர்த்; உயிர் காக்கிற கால். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் செருகிய எக்ஸ்டென்ஷன் பலகையில் இதையும் சேர்த்துச் செருகாதீர்கள். வயர் தரையில் குறுக்கே போகாமல் சுவர் ஓரமாகப் போகட்டும். நடக்கப் பழகும் குழந்தை வயரை இழுத்தால் மெஷின் தலையில்தான் வந்து விழும்.

நிறுத்தும்போது சுவர் ஸ்விட்சைத் தட்டாதீர்கள். மெஷினில் இருக்கும் பட்டனால் அணைத்துவிட்டு, ஃபேன் ஓட்டம் தானாக நின்ற பிறகே சுவர் ஸ்விட்ச். லாம்ப் மாடலுக்கு இது மிக முக்கியம். கரண்ட் போனாலும் ஃபேன் நின்றுவிடும் அல்லவா? அதனால் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுவது நல்லது. உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லாம்ப் மாடல் பலவும் 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். இடி மின்னல் சமயத்தில் பிளக்கையே எடுத்துவிடுங்கள்.

நடுவில் காப்பி கலக்கப் போகிறீர்களா? லென்ஸ் மூடியைப் போட்டோ புத்தகத்தை நிறுத்தியோ வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் மூடி உருகும். ரிமோட்டில் 'ம்யூட்' அல்லது 'பிளாங்க்' பட்டன் இருக்கும். அதை அமுக்குங்கள்.

குழந்தை இருக்கிற வீட்டில்...

என் பையன் செய்த காரியம்தான் முதல் பாடம். எரிகிற ப்ரொஜெக்டரின் லென்ஸுக்குள் யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது. ஆபத்தின் அளவைப் பொறுத்து இவற்றை வகை பிரித்து, பலவற்றின் மேல் இந்த எச்சரிக்கையை ஒட்டியே அனுப்புகிறார்கள். பெரியவர்களுக்குக் கண் கூசினால் திரும்பிக்கொள்வோம். குழந்தை வேடிக்கை என்று பார்த்துக்கொண்டே நிற்கும். ஆகவே மெஷினைக் குழந்தையின் தலைக்கு மேலான உயரத்தில், எல்லோருக்கும் பின்னால் வையுங்கள்.

இரண்டாவது, ரிமோட். தட்டையான சின்ன ரிமோட்டுகளில் பல, காசு மாதிரி பட்டன் செல்லில் ஓடுகின்றன. குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். செல் இருக்கும் மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் டேப் சுற்றி, எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மூன்றாவது, நேரம். ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயசு வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. திரை பெரிசாக இருந்தாலும் கணக்கு அதேதான்!

துடைக்கிற கை

தூசு பார்த்தால் முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்தால்தான் நமக்கு நிம்மதி. லென்ஸில் மட்டும் அந்தக் கையைக் கட்டிப் போடுங்கள்! முதலில் ரப்பர் பல்பால் ஊதித் தூசியை விரட்டி, பிறகு மூக்குக் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போதும். எரிகிற தன்மையுள்ள வாயு ஸ்பிரே எதையும் அடிக்கக் கூடாது, சூட்டில் தீப்பிடிக்கும்.

ஃபில்டர் உள்ள மாடலானால் மாதம் ஒருமுறை பிளக்கை எடுத்துவிட்டு, அதைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எல்லா ஃபில்டரையும் தண்ணீரில் அலசக் கூடாது. புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். உறையில்லாமல் மூலையில் போட்டு வைத்தால் எறும்பும் பல்லியும் உள்ளே குடித்தனம் வந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே உறை போடுங்கள். நாள்பட வைப்பதானால் ரிமோட்டின் செல்லை எடுத்துவிடுங்கள். மூடித் திருகுகளைக் கழற்றி உள்ளே கை விடும் வேலை மட்டும் நமக்கு வேண்டாம்.

லாம்ப் மாடல் வைத்திருப்பவர்களுக்கு: மெனுவில் லாம்ப் எத்தனை மணி ஓடியது என்று பார்க்கலாம். ஆயுசு முடிந்தால் மாற்றிவிடுங்கள். பிளக்கை எடுத்து ஒரு மணி நேரமாவது ஆறிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். புது லாம்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது.

தப்பித் தவறி வெடித்துவிட்டால்? குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு நீங்களும் அரை மணி வெளியே இருங்கள். அன்று என் அம்மா உடனே துடைப்பத்தைக் கொண்டு வந்து பெருக்கினாள். அது தப்பாம்! துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் பாதரசத்தைப் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் தள்ளி எடுத்து, ஒட்டும் டேப்பால் ஒற்றி, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழைய லாம்பையும் மெஷினையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போய்ச் சேர வேண்டிய சாமான் இது.

பாட்டி வந்தாள்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் புது ப்ரொஜெக்டரை உறையூருக்கு எடுத்துப் போனோம். உயரமான மேஜை, சுற்றிலும் இடம், சுவர் ஓரமாக வயர். பையன் என் மடியில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பெரியப்பா பிளக் பக்கமே வரவில்லை!

குரூப் போட்டோ வந்தது. தம்பி மூன்றாவது வரிசையைப் பெரிசாக்கினான். தபால்தலை முகம் சுவர் முழுவதும் நிறைந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் மூக்குத்தி தெரிந்தது, நெற்றிப் பொட்டு தெரிந்தது.

அம்மா எழுந்து சுவருகில் போய் நின்றாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு அவ தாடைடி" என்றாள்.

யாரும் அவசரப்பட்டு அணைக்கவில்லை.