சத்தியம் செல்லாத சரக்கு

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள காணிப்பாக்கத்துக்கு வம்பு வழக்கு உள்ளவர்கள் வருவது காலங்காலமாக நடப்பதுதான். குளத்தில் முழுகி, வரசித்தி விநாயகர் முன் சத்தியம் செய்தால் விவகாரம் தீர்ந்தது. பொய் சொன்னவனை அவர் சும்மா விடமாட்டார் என்பது நம்பிக்கை. ஆனால் ஒரு சரக்கில் மட்டும் விற்பவரின் சத்தியத்தை நம்பிப் பணத்தை நீட்டக் கூடாது: பழைய ரிவால்வர்.

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி தேடுபவர்களின் பயத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 2015 நவம்பர் 17-ல் சித்தூர் மேயர் கட்டாரி அனுராதா மாநகராட்சி அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தாக்கப்பட்ட அவரது கணவர் மோகனும் இறந்தார்.

தனிநபர்கள் வாங்குவதற்கான இறக்குமதி 1980-களின் மத்தியில் நின்றுபோனது. அன்றைய வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு இன்றும் மவுசு. உள்நாட்டுச் சரக்கும் மலிவல்ல. 2014-ல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை வெளியிட்ட .32 'நிர்பீக்', வெறும் 500 கிராம் எடை; அப்போது விலை ரூ. 1,22,360. பழையதைப் பலர் நாடுவதில் ஆச்சரியமில்லை.

இந்தச் சிறிய ரிவால்வர்கள் 'டபுள் ஆக்ஷன்' வகை. டிரிக்கரை ஒரே இழுப்பாக இழுத்தால் சுத்தி பின்னால் போகும், சிலிண்டர் சுழலும், குண்டு வெடிக்கும். இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். தவறிப்போய் விரல் பட்டால் வெடிக்காமலிருக்க அந்தக் கனம்தான் காவல்.

பழையதை வாங்குபவர் முதலில் தோட்டா இல்லை என்பதைத் தன் கண்ணாலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு பார்க்க வேண்டியவை: குழலுக்குள் துரு, சிலிண்டரில் ஆட்டம், சுத்தி விழும் நேரத்தில் தோட்டா அறை குழலுக்கு நேராக நிற்கிறதா என்பது. நேராக நிற்காவிட்டால் ஈயம் சிதறிச் சுடுபவரையே காயப்படுத்தும். வெளியே பளபளவென்று மெருகேற்றியிருப்பது தரத்துக்கு அத்தாட்சி அல்ல. துருவை மறைக்கவும் மெருகு உதவும்.

'இம்ப்ரூவ்' செய்வதில்தான் ஆபத்து அதிகம். டிரிக்கர் இலகுவாக வேண்டுமென்று ஸ்பிரிங்கை வெட்டினால், சுத்தி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 'டிக்' என்ற சத்தம் மட்டுமே மிஞ்சும். சுத்தம் செய்வதும் எண்ணெய் இடுவதும் உரிமையாளர் வேலை. பழுது பார்ப்பது உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. பையில் அடங்க வேண்டுமென்று குழலை அறுப்பதோ கடுங்குற்றம்: 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பில் பொறித்த எண். அது விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எண் சுரண்டப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே சுரண்டியதாகச் சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. முந்தைய சொந்தக்காரர் செய்த பாவம் வாங்கியவர் தலையில் விடியும்.

வாங்குபவருக்கு முதலில் உரிமம் வேண்டும். ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது; 2019 வரை வரம்பு 3. தனிநபர் விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். வேலூர்க்காரர்களுக்குச் சித்தூர் கூப்பிடு தூரம்தான். ஆனால் உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்று பார்க்காமல் துப்பாக்கியுடன் மாநிலம் தாண்டினால் தற்காப்புக்கு வாங்கிய பொருளே வழக்கில் சிக்கவைக்கும்.

இந்த 45 நாட்களை வீண் அலைச்சல் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கோபத்தில் வாங்க நினைத்தவருக்கு ஆறுவதற்கு அவகாசம். நிஜமான தேவை உள்ளவருக்கு எண்ணையும் காகிதத்தையும் இன்னொரு முறை சரிபார்க்க அவகாசம். அதுவரைகூடப் பொறுக்க முடியாதவர் கையில் ரிவால்வர் இல்லாமலிருப்பதே எல்லோருக்கும் தற்காப்பு.