வாடைக்கு முன் ஒரு துலக்கல்

துப்புரவு செய்தலைக் குறிக்கத் தமிழிலே பல வினைகள் உள. கையைக் கழுவுகிறோம், வாயைக் கொப்பளிக்கிறோம், துணியைத் தோய்க்கிறோம், தோய்த்த துணியிலே சவர்க்காரம் போகும்வரை அலசுகிறோம், பித்தளைச் செம்பைப் பழப்புளியிட்டு மினுக்குகிறோம், முற்றத்தைக் கூட்டுகிறோம், திண்ணையை மெழுகுகிறோம், பாசி பிடித்த கல்லை உரைஞ்சுகிறோம். முற்றத்தை மினுக்குவாரும் செம்பைக் கூட்டுவாரும் இலர். ஒரு சொல்லின் இடத்திலே மற்றொன்றை வைத்தால் சொல்லோடு செயலும் வழுவாகிவிடும். ஆனால், இக்காலத்துக் குளியலறையை நோக்குமிடத்து, இவ்வினைகள் அனைத்தையும் ஊற்றுதல் என்னும் ஒரு வினையே விழுங்கிவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. போத்தலைத் திறந்து ஊற்றுகிறோம், சிறிது பொறுத்துத் தண்ணீரை ஊற்றுகிறோம், வாசனை வருகிறது, வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திவிடுகிறோம்.

இதனைப் பிறர்மேல் வைத்து நான் சொல்லவில்லை என்பது பின்னர் விளங்கும்.

தமிழ் நூலோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். யாழ்ப்பாணத்தவரோ நடைமுறையிலே அதனை இரண்டு காற்றுகளுள் அடக்கிவிட்டனர். வைகாசி தொடக்கம் சோழகம் புழுதியைக் கொண்டு வரும். ஐப்பசியிலே வாடை திரும்பி மழையைக் கொண்டு வரும். இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. நூல்கள் கூறும் கார்காலமாகிய ஆவணியும் புரட்டாசியும் நமக்கு வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கும் மாதங்கள். கூதிர் என்று அவை கூறும் ஐப்பசியும் கார்த்திகையுமே நமக்கு மாரி. கார் என்று படித்துவிட்டு வெளியே பார்த்து மயங்கும் மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அது நிற்க.

மாரிக்கு முன்னே வீடு வேய்வதும் ஓடு மாற்றுவதும் பீலியிலே கிடக்கும் சருகை வாருவதும் முன்னோர் கைக்கொண்ட ஒழுங்குகள். குளியலறையைத் துலக்குதல் அவ்வரிசையில் இல்லை. அவர்களுக்குக் குளியலறையே இல்லை, கிணற்றடி இருந்தது. துலாவினால் அள்ளிக் கல்லின்மேல் நின்று முழுகினார்கள். அரப்பும் தேசிக்காயும் கரைந்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் ஓடிற்று. அந்தக் கல்லை நாள்தோறும் வெயில் காய்ச்சியது, காற்று உலர்த்தியது. நாம் கிணற்றடியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்துவிட்டோம்; வெயிலையும் காற்றையும் வெளியே விட்டுவிட்டோம். அவை செய்துவந்த வேலை இப்பொழுது நம் கைக்கு வந்திருக்கிறது. மாரியிலே சுவர் உலராது. ஆகவே, ஈரம் தொடங்குமுன், புரட்டாசி கழியுமுன், அந்த வேலையை ஒருமுறை முற்றாகச் செய்துவிடுதல் வேண்டும்.

குழாயின் வாயிலும் வாளியின் விளிம்பிலும் வெண்மையாகப் படிந்திருப்பதை அழுக்கு என்று எண்ணிச் சவர்க்காரம் போடுவோர் பலர். அது அழுக்கன்று, சுண்ணாம்பு. குடாநாட்டின் அடியிலே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதிலே ஊறி நம் கிணற்றுக்கு வரும் நீர் கல்லைச் சிறிது கரைத்துக் கொண்டே வருகிறது; உலருமிடத்தில் அதனை விட்டுச் செல்கிறது. சவர்க்காரத்துக்கு அது அசையாது, புளிப்புக்கு இளகும். வினாகிரியிலே நனைத்த சீலையைக் குழாயின் வாயிலே சுற்றி ஒரு மணி நேரம் விட்டு, பின்னர் பழைய பற்தூரிகையினால் உரைஞ்சினால் போதும். தேசிக்காய்ப் பாதியும் இதே வேலையைச் செய்யும். பொறுமையில்லாதவர் கடையிலே விற்கும் கடும் அமிலத்தை வாங்கித் தரையெல்லாம் ஊற்றுவர். சீமெந்தும் சுண்ணாம்பின் குலமே. படிவு எது, தரை எது என்று அமிலம் பகுத்தறியாது, இரண்டையும் தின்னும்.

அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் மலசலகூடத்திலே அமிலத்தை ஊற்றி, அது போதாதென்று அதன்மேல் வெளிற்றுந்தூளையும் கொட்டினேன். இரண்டும் தனித்தனியே துப்புரவு செய்வனவாதலின், சேர்ந்தால் இருமடங்கு செய்யும் என்பது என் கணக்கு. பச்சை கலந்த மஞ்சள் நிறமாய் ஒரு புகை எழுந்தது. கண் எரிந்தது, மூச்சு நின்று நின்று வந்தது, அன்றிரவு முழுவதும் இருமினேன். அது குளோரீன் வாயு. 1915ஆம் ஆண்டு பெல்சியத்திலே ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்மேல் ஏவப்பட்டதும் அவ்வாயுவே. வினாகிரியோடும் தேசிக்காயோடும்கூட வெளிற்றுந்தூளைக் கலத்தலாகாது. இவற்றை வெவ்வேறு நாள்களிலே, இடையில் நிறைய நீர்விட்டு அலசி, கதவையும் சாளரத்தையும் திறந்து வைத்துக்கொண்டே பயன்படுத்துக. இலக்கணத்திலே புணர்ச்சி விதி படிப்பிப்பவன், எதனோடு எது புணரலாகாது என்பதை இவ்வாறு படிக்க நேர்ந்தது.

இனி, தொட்டியைப் பற்றி.

மின்சாரம் நின்றால் உதவும் என்று எங்கள் குளியலறையின் மூலையிலே ஒரு சீமெந்துத் தொட்டி கட்டியிருக்கிறோம். கடந்த மாரியிலே அதனுள் நுளம்புக் குடம்பிகள் நெளிவதைக் கண்டு, நீர் முழுவதையும் இறைத்து ஊற்றிவிட்டுப் புதுநீர் நிரப்பினேன். நான்கைந்து நாள்களில் மீண்டும் நெளிந்தன. மறுபடியும் ஊற்றினேன். அவ்வாரம் வீடு வீடாகப் பார்த்து வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருகாலத்தில் என்னிடம் தமிழ் படித்தவர். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரிலே விரலை வைத்துக் காட்டினார்.

“ஐயா, தண்ணியை மாத்தியிருக்கிறியள். சுவரை உரஞ்சேல்லை.”

டெங்கைப் பரப்பும் நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரிலே ஒட்டிவிடுகிறது. கரும்புள்ளி போன்ற அம்முட்டைகள் நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். கோடை முழுவதும் வெறுமையாய்க் கிடந்த தொட்டியும் மாரியிலே நீர் ஏறி அவற்றைத் தொட்டவுடன் குடம்பிகளை ஈனும். ஏழு முதல் பத்து நாள்களுக்குள் அவை நுளம்பாய்ப் பறக்கும். நீரை ஊற்றுவதனால் முட்டைகள் போவதில்லை. தும்புத்தடியினாலோ தேங்காய்ப் பொச்சினாலோ சுவரை விளிம்புவரை அழுத்தி உரைஞ்சி, அலசி, காயவிடுதல் வேண்டும். மாரிக்கு முன் ஒருமுறை நன்றாகவும் பின்னர் வாரந்தோறும் ஒருமுறையும். வாளிக்கும் கூரைமேல் உள்ள நீர்த்தாங்கிக்கும் இதுவே விதி. தாங்கிக்கு மூடியும் வேண்டும். 2017ஆம் ஆண்டு இலங்கையிலே டெங்கு நோயாளராகப் பதியப்பட்டோர் 1,86,000க்கும் மேற்பட்டோர். இறந்தோர் நானூற்றுக்கும் மேல். அந்த எண்களை அன்று பத்திரிகையிலே படித்தபோது, அவற்றுக்கும் என் குளியலறையின் மூலைக்கும் தொடர்புண்டு என்று நான் எண்ணியதில்லை.

“இன்னொண்டு ஐயா,” என்றார் பரிசோதகர், வேலிக்கு அப்பால் பார்த்து. “அந்த வீட்டில ஆர் இருக்கினம்?”

ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். திறப்பு என்னிடம் இருக்கிறது. விளக்கு வைக்கும் நாள்களில் சாமியறை மட்டும் திறந்து பார்ப்பேன். அன்று அவரோடு போய்க் குளியலறையைத் திறந்தேன். ஒருவரும் குளியாத அறை; துப்புரவாகவே தோன்றிற்று. மலசலகூடத்துக் கிண்ணத்திலும் அதன் பின்னுள்ள சிறு தாங்கியிலும் தரைத்துளையிலும் நீர் நின்றது, மூன்றிலும் குடம்பிகள். இத்தகைய பூட்டிய வீடுகள் எங்கள் ஒழுங்கையிலே மட்டும் நான்கு உள்ளன.

இவ்வாண்டு புரட்டாசிச் சனி விரதங்களுள் இரண்டாவதன் பிற்பகலை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். காலையிலே எள்ளெண்ணெய் எரித்து வந்தபின், தும்புத்தடியும் வாளியும் எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் தொட்டி. பின்னர் அடுத்த வீடு. கிண்ணத்தை உரைஞ்சி, சிறு தாங்கியை வடித்து, தரைத்துளைக்கு நுண்வலை கட்டிவிட வேண்டும். மற்ற மூன்று வீடுகளின் திறப்பும் யாரிடம் இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிடைத்துவிட்டன.