ஆசிரியர் ஏன் சோர்ந்து போகிறார்?



"வாத்தியாருக்கு என்ன, அரை நாள் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம்" என்று பெரட்டுக் களத்தில் பேசுவது எங்கள் காதிலும் விழுகிறது. அப்படியானால், ஐம்பது வயதை எட்டிய ஆசிரியர்கள் சிலர் முன்கூட்டியே வேலையை விட்டுப் போக நினைப்பது ஏன்?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அரசாங்க ஆசிரியரின் கட்டாய ஓய்வு வயது முன்பு 55 ஆக இருந்தது. அது 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 என உயர்ந்தது. ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்கள் 40 வயதிலேயே விருப்ப ஓய்வு கேட்கலாம். ஆக, இருபது ஆண்டுகள் வாசற்கதவு திறந்தே கிடக்கிறது. உடம்புக்கு முடியாத வாரத்தில் கண் அந்தப் பக்கம் போகத்தானே செய்யும்!

இந்தச் சோர்வு சோம்பல் அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு விளக்கம் தந்தது. வேலையிடத்து நெருக்கடி நெடுநாள் தீராதிருந்தால் உடலும் மனமும் வற்றிப் போகும். வேலையில் வெறுப்புத் தட்டும். செய்வதெல்லாம் வீண் என்று தோன்றும். இதை அந்நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. பால்மரத்தை ஓய்வு விடாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் ஆயர் குரோ வட்டாரத்தில் தொழிற்பேட்டையும் வீடமைப்புகளும் வந்தன. குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் போயின. தோட்டப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர். 150 மாணவருக்குக் கீழே போனால் அது குறைந்த மாணவர் பள்ளி. பிள்ளைகள் குறைந்தால் வேலையும் குறையும் என்று நினைப்பீர்கள். நடப்பது வேறு. பாடநூல் இரவல் திட்டம், உணவுத் திட்டம், நூல்நிலையம், விளையாட்டு, வரவுப் பதிவு, கணினியில் ஏற்றவேண்டிய விவரங்கள் என்று பெரிய பள்ளிக்குள்ள பொறுப்புகள் எல்லாம் சிறிய பள்ளிக்கும் உண்டு. அங்கே ஐம்பது பேர் பகிர்ந்து செய்வதை இங்கே எட்டுப் பேர் சுமக்கிறோம். கற்பிக்கும் வேலை எங்களை அவ்வளவாகக் களைப்பாக்குவதில்லை, இவைதாம் களைப்பாக்குகின்றன.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குப் போனது. வீட்டில் இருப்பதோ ஒரே கைப்பேசி. அப்பா வேலை முடிந்து அதைக் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளை பாடம் அனுப்பும். இரவு பதினொரு மணிக்கும் திருத்தினோம். பள்ளி திறந்து ஆண்டுகள் ஆகியும் இரவுச் செய்திகள் மட்டும் நிற்கவில்லை.

இதற்கிடையே, "இன்னும் எத்தனை வருஷம் டீச்சர்? இளையவர்களுக்கு இடம் விடக்கூடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. சிறிய பள்ளியில் ஒருவர் ஆண்டு நடுவில் போய்விட்டால் அடுத்தவர் மறுநாளே வந்துவிடுவதில்லை. அதுவரை ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்புகளைப் பார்க்கவேண்டும். நட்டம் முதலில் உங்கள் பிள்ளைக்குத்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். விளையாட்டு நாளுக்குக் கூடாரம் கட்டவும், நூல்நிலையப் புத்தகங்களுக்கு உறை போடவும் உங்களால் முடியும். அவசரமில்லாத செய்தியை மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.