பிள்ளைக்கும் முழுப்பேர் வேண்டும்



மலையில் நிறுவை குறைந்து அரைப்பேர் போட்டுவிட்டால் நமக்கு எவ்வளவு மனவேதனை! செக்ரோலில் ஒரு பேர் விடுபட்டால் கணக்கப்பிள்ளையிடம் போய் நியாயம் கேட்கிறோம். பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது. அதற்கு வரவு இடாப்பு என்று பெயர். இந்தத் தவணையில் அதில் நம் பிள்ளைக்கு எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று நம்மில் யார் போய்க் கேட்கிறோம்?

1ஆம் தரம் முதல் 5ஆம் தரம் வரை படிக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை இம்முறை விளக்கமாக எழுதுகிறோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டில் உள்ளவர்கள் வாசித்துக் காட்டவும்.

"ஒரு நாள்தானே ஐயா"

பள்ளி நேரத்தில் லயத்து வாசலில் பிள்ளை நிற்பதைக் கண்டு கேட்டால், "இன்னைக்கு ஒரு நாள்தானே ஐயா, நாளைக்குப் போவட்டும்" என்று பதில் வருகிறது. சம்பள நாள், கோயில் திருவிழா, உறவுக்காரர் வீட்டு விசேஷம், மழை, தம்பிக்குக் காய்ச்சல் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்தில் ஏறக்குறைய 200 நாட்கள் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு ஒரு நாள் நிறுத்தினால் வருடத்துக்கு 40 நாட்கள். ஐந்து வருடத்தில் 200 நாட்கள். அதாவது ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை உண்மையில் நான்கு வருடம்தான் படித்திருக்கிறது. ஒரு வருடப் படிப்பு "ஒரு நாள்தானே" என்ற பேச்சிலேயே போய்விட்டது.

சின்ன வகுப்பில் இந்த நட்டம் இன்னும் பெரிது. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக் கொடுத்து, பிறகு சேர்த்து வாசிக்கப் பழக்குகிறார்கள். நடுவில் நாலு நாள் போகாத பிள்ளைக்கு நாலு எழுத்து பிடிபடாமல் போகும். மற்றப் பிள்ளைகள் வாசிக்கும்போது அது வாயை மூடிக்கொண்டு இருக்கும். பிறகு, "எனக்கு ஸ்கூல் புடிக்கல" என்று அழும். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நாம் முடிவு கட்டுகிறோம். ஏறாமல் இல்லை, இடையில் விட்டுப் போனதுதான் காரணம்.

தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளையை, அதிலும் பொம்பளைப் பிள்ளையை, நிறுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதற்காகத்தான் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறோம். சின்னவரை அங்கே விட்டுவிட்டு மூத்தவரைப் பள்ளிக்கு அனுப்புங்கள். அங்கே ஏதும் குறை இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அதைத் திருத்துவது எங்கள் வேலை. அதற்காக எட்டு வயதுப் பிள்ளையை ஆயாம்மா ஆக்க வேண்டாம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று 1997இல் வந்த விதி, 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தும், தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஒரு காம்பராவும் ஒரு வாத்தியாரும்தான். நம் தாத்தா பாட்டிமாருக்குக் கிடைக்காதது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நாமே வீணாக்கக் கூடாது.

"வெளையாட்டுத்தான் சொல்லிக் குடுக்குறாங்க"

முதலாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடுகிறது, இலை பொறுக்குகிறது, கொப்பியில் எழுத்து குறைவாக இருக்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். ஆரம்ப வகுப்பில் விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் சேர்த்துத்தான் கற்பிக்கிறார்கள். இலையைப் பெரிது சிறிது என்று பிரிப்பது கணிதத்துக்கு ஆரம்பம். பாட்டுப் பாடுவது வாசிப்புக்கு ஆரம்பம். டீச்சர் இலை, விதை, தீப்பெட்டி, போத்தல் மூடி கொண்டுவரச் சொன்னால் அலட்சியம் செய்யாமல் கொடுத்து அனுப்புங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் பிள்ளைக்கு உதவலாம். இரவில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன படிச்சே? வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். கொப்பியில் அன்றைய திகதி இருக்கிறதா, டீச்சர் திருத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். காலையில் எத்தனை கிலோ, பின்னேரம் எத்தனை கிலோ, இரண்டும் சேர்த்தால் எவ்வளவு என்று பிள்ளையிடமே கணக்குக் கேளுங்கள். கடையில் மிச்சக் காசை எண்ணச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மட்டும் டீ.வி.யை நிறுத்தி வையுங்கள்.

காலைச் சாப்பாடு

வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகும் பிள்ளைக்குப் பத்து மணிக்குத் தலை சுற்றும். கண் கரும்பலகையில் இருந்தாலும் நினைப்பு வயிற்றில் இருக்கும். ஒரு துண்டு ரொட்டியாவது சம்பலோடு கொடுங்கள். ஆரம்ப வகுப்புகளுக்கு அரசாங்கத்தின் பாடசாலைச் சாப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. இருந்தாலும் வீட்டில் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. தேயிலையை உண்டாக்குகிறவர்கள் நாம்தான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து தூங்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கொடுங்கள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுக்கலாம்.

1ஆம், 4ஆம் தரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்திய பரிசோதனை நடக்கும். அன்றைக்குக் கட்டாயம் அனுப்புங்கள். மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கண் பார்வையோ காதோ குறைவாக இருக்கக்கூடும். கண்ணாடி போட்டவுடன் படிப்பு வரும் பிள்ளைகளும் உண்டு.

முதலாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்களுக்கு

சேரும் வருடத்தின் ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் முந்தின வருடத்தின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். டிசம்பரில் ஓடி வந்து பயனில்லை.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாமல் விட்டிருந்தாலும், பிள்ளையின் பெயரிலோ தகப்பனின் பெயரிலோ ஒரு எழுத்து பிழையாக இருந்தாலும், பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்ச் சரி செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் என்று இருந்தால், சாதாரணதரப் பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் பிள்ளைதான் அலைய வேண்டிவரும். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எங்கள் காரியாலயத்துக்கு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

பத்திரங்களைப் பொலித்தீன் உறையில் போட்டு, அவசரத்துக்குக் கையில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையால் மலைநாட்டில் மண் சரிந்தபோது, வீட்டோடு பத்திரங்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு.

ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தால் பெரிய பாடசாலைக்குப் போக வழி உண்டு. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணமும் உண்டு. அதற்காகப் பிள்ளையை அடித்துப் படிக்க வைக்க வேண்டாம். புள்ளி குறைந்தால் படிப்பு முடிந்துபோனது என்று அர்த்தமில்லை. ஆறாம் வகுப்புக்கு எல்லாப் பிள்ளையும் போக வேண்டும்.

மறக்க வேண்டாம்

1. காலை 7.30க்கு முன் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையை எழுப்ப மறக்காதீர்கள்.

2. பாடப்புத்தகம் 1980 முதல், சீருடை 1993 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. புத்தகத்துக்கு உறை போடுங்கள், அடுத்த வருடம் இன்னொரு பிள்ளைக்கு உதவும். சப்பாத்து இல்லை, சீருடை காயவில்லை என்று நிறுத்த வேண்டாம். டீச்சரிடம் சொல்லி அனுப்புங்கள்.

3. பிள்ளைகள் கூட்டாகப் பாதையில் நடந்து போகட்டும். குளவிக் கூட்டுக்குக் கல் எறியக் கூடாது என்று சொல்லி வையுங்கள். கடும் மழையில் ஆற்றைக் கடக்க விடாதீர்கள்.

4. பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வர முடியாவிட்டால் தகப்பனோ தாத்தாவோ வரலாம். முதல் நாளே கங்காணியிடம் சொல்லி வையுங்கள்.

5. தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையை வாங்கும்போது, புள்ளியைப் பார்ப்பதற்கு முன் வந்த நாட்களின் கணக்கைக் கேளுங்கள்.

பேர் விழுந்தால்தான் சம்பளம் என்பது நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து இடாப்பிலும் நம் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் முழுப்பேர் விழட்டும். நாளைக் காலையிலிருந்தே தொடங்குவோம்.