முத்துக்குப் பிறகு

ராஸ் அல் கைமா என்றதும் நம்மில் பலருக்கு, அங்கே வேலைக்குப் போன ஓர் உறவினர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களில் வடக்கோரத்தில் இருப்பது அது. அபுதாபியைப் போல எண்ணெய் அதற்கு வாய்க்கவில்லை. முன்பு அங்குள்ளவர்கள் முத்துக் குளித்தே வாழ்ந்தார்கள். வளைகுடாச் சுழியோடிகள் நமது மரிச்சுக்கட்டிக் கரைக்கும் வந்து குளித்திருக்கிறார்கள். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

அதன் பிறகு அவர்கள் தங்கள் மலையைப் பார்த்தார்கள். கல்லுடைத்தார்கள், சீமெந்து செய்தார்கள். 1989இல் ராக் செரமிக்ஸ் தொடங்கியது. சுற்றுலா பெரிதானது இவற்றுக்குப் பின்னர்தான். 2018இல் ஜெபல் ஜைஸ் மலையில் 2.83 கிலோமீற்றர் நீளக் கம்பிச் சறுக்கு திறக்கப்பட்டு, உலகிலேயே நீளமானது எனக் கின்னஸில் பதிவானது. இப்போது அல் மர்ஜான் தீவில் சூதாட்ட மண்டபத்தோடு ஒரு பெரிய ஹோட்டல் எழுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வருமானம் வருகிறது என்பதற்காக எல்லா வாசலையும் திறந்து வைக்க முடியுமா?

நமது நாட்டில் இதற்கு நெருக்கமாக நான் காண்பது பொத்துவில்லை ஒட்டிய அறுகம்பை. 2004 சுனாமி அடித்துப்போட்ட கரை அது. மீன்பிடியும் வயலும் இருந்த இடத்தில் அலைச்சறுக்கு வந்தது. ஒரு வெளிநாட்டவர் கொடுக்கும் வாடகை, பலகை திருத்துபவரிடமும், ஓட்டோக்காரரிடமும், ரொட்டிக் கடையிலும், மீன்காரரிடமும் கைமாறுகிறது. பொருளியல் பாடத்தில் பெருக்கி என்று படிப்பது இதைத்தான். ஆனால் ஹோட்டல் வெளியூர் முதலாளியுடையதாகி, சாமானும் கொழும்பிலிருந்து வந்தால், அந்தக் காசு ஊரில் ஓர் இரவுகூடத் தங்காது.

பருவமும் சித்திரை தொடக்கம் ஐப்பசி வரைதான். அதற்குள் ஒரு செய்தி போதும். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் போக வேண்டாம் என எச்சரித்தது நினைவிருக்கும். நாடு முழுவதற்கும் 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் கொரோனாவும் வந்தபின் 2021இல் இரண்டு இலட்சம்கூட வரவில்லை. ராஸ் அல் கைமாவில் ஹோட்டல் வெறிச்சோடினாலும் ஓட்டுத் தொழிற்சாலை ஓடும். அறுகம்பையில் அப்படி எதுவுமில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்கவேண்டும். வளைகுடாவில் கட்டில் விரிக்க நம் பெண்களை அனுப்புகிறோம். அதே வேலையை இங்கே செய்தால் மானக்கேடு என்கிறோம். சம்பளம் குறைவு என்பது உண்மை. ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்தா அப்படிச் சொல்கிறோம்?

துணுக்காயில் கடல் இல்லை; வவுனிக்குளம் இருக்கிறது. மாலையில் குளக்கட்டில் நின்று பார்க்க வெளியூர்க்காரர் வருகிறார்கள். வருபவருக்குச் சாப்பாடு கொடுக்க ஹோட்டல் வேண்டியதில்லை. குளத்து மீனும், வயல் அரிசியும், சமைக்கத் தெரிந்த நாலு பெண்களும் போதும். அந்தக் காசு ஊரிலேயே சுற்றும். மழைக்காலத்தில் ஆள் வராவிட்டாலும் வயல் இருக்கிறது.