கடிவாளம் பிடித்த கையின் கடமை

1892-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஐரோப்பாவில் ஒரு குதிரைச் சவாரிப் போட்டி நடைபெற்றது. ஜேர்மன் படை அதிகாரிகள் பேர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஒஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பேர்லினுக்கும் புறப்பட்டனர். இடைத்தூரம் ஏறத்தாழ 360 மைல். வெற்றி பெற்ற ஒஸ்திரியப் பிரபு மூன்று நாளுக்குள் பேர்லினை அடைந்தார். பரிசு அவருக்குக் கிடைத்தது; அவரைச் சுமந்து வந்த குதிரையோ இறந்துபட்டது. அப்போட்டியில் உயிர்விட்ட குதிரைகள் இன்னும் பல. இதனை வெற்றியென்று சொல்ல மனம் ஒப்புமா?

நெடுந்தூரச் சவாரி இன்றும் உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றது. ஆயினும் அதன் நோக்கம் பெரிதும் மாறியுள்ளது. 1955-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெண்டல் ரோபி என்பவர் சியரா நெவாடா மலைவழியே ஒரே நாளில் 100 மைல் செல்லும் சவாரியைத் தொடங்கினார். டெவிஸ் கிண்ணச் சவாரி என்று இன்று வழங்குவது இதுவே. இதில் விரைந்து வந்தவருக்கு ஒரு கிண்ணம். முதலில் வந்து சேரும் பத்துக் குதிரைகளுள் மிகச் சிறந்த உடல்நிலையில் உள்ள குதிரைக்கு மற்றொரு கிண்ணம். சவாரியை முடிப்பதே வெற்றி என்பது அமெரிக்கச் சவாரியாளர் போற்றும் கொள்கை.

வழியிடையே மிருக வைத்தியர்கள் குதிரைகளைப் பரிசோதிக்கின்றனர். நாடித்துடிப்பை எண்ணுகின்றனர், தோலைக் கிள்ளிப் பார்த்து உடலில் நீர் குறைந்துளதா என அறிகின்றனர், ஈறுகளின் நிறத்தை நோக்குகின்றனர், குடலின் ஒலியைக் கேட்கின்றனர், நொண்டுகின்றதா என ஓடவிட்டுப் பார்க்கின்றனர். குறித்த நேரத்துள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64 அளவிற்குத் தணியாவிடின், சர்வதேசப் போட்டிகளில் அக்குதிரை விலக்கப்படும்.

இவ்வளவு காவல் இருந்தும் தீங்கு முற்றாக நீங்கிவிடவில்லை. 2018 செப்டெம்பரில் அமெரிக்காவின் ட்ரையன் நகரில் நடந்த உலகப் போட்டியில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தமையால் நெடுந்தூரச் சவாரி இடைநடுவே நிறுத்தப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட குதிரைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. ஒரு குதிரை பின்னர் இறந்தது.

வைத்தியர் குதிரையைக் காண்பது சில நிமிடங்களே. சவாரியாளரோ அதன் முதுகிலே மணிக்கணக்காக இருக்கின்றார். மூச்சின் மாற்றத்தையும் நடையின் தளர்ச்சியையும் முதலில் உணரக்கூடியவர் அவரே. குதிரை கூட்டமாக வாழும் இயல்பினது. முன்னே செல்லும் குதிரைகளைக் கண்டால், களைத்திருந்தும் பின்தொடர முயலும். அதன் வியர்வையோடு உப்பும் பெருமளவில் வெளியேறுகின்றது. ஆகவே வேகத்தை அடக்குதலும், நீர்நிலை கண்டவிடத்து நின்று குடிக்கவிடுதலும், செங்குத்தான இறக்கத்தில் தாம் இறங்கி நடத்தலும் சவாரியாளரின் கடமைகளாம். வைத்தியர் தடுக்குமுன் தாமே போட்டியினின்று விலகுதல் இவை யாவற்றினும் உயர்ந்த கடமை. மாதக்கணக்கான பயிற்சியும் பெரும் பொருட்செலவும் வீணாகும் அந்த வேளையிலேதான் ஒருவரது அன்பின் உண்மை வெளிப்படும்.

1973-இல் டெவிஸ் சவாரியில் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை நொண்டியதால் அவர் இடையில் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் குதிரையின்றியே வந்தார்; அந்த 100 மைலையும் தம் கால்களாலேயே 24 மணி நேரத்துள் ஓடி முடித்தார். கால் வலித்தால் நிற்பதா, தொடர்வதா என்பதை அன்று அவரே தீர்மானிக்கலாம். குதிரைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 100 மைல் என்பது மனிதன் வகுத்த எல்லை. அதனைக் குதிரை அறியாது, விரும்பிக் கேட்கவும் இல்லை. நம் கையிலுள்ள கடிவாளத்தை நம்பியே அது ஓடுகின்றது. அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்து பெறும் கிண்ணம் எத்துணைப் பளபளப்பாயினும் பெருமை தராது.